தொட்டி வண்டியின் மேல் எழுதிய எழுத்து



பெரிய ரோட்டில் பெட்ரோல் ஏற்றிப் போகும் டேங்கர் லோரியைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அதன் பின்பக்கத்தில் உள்ள பலகையை நின்று படித்தவர் எத்தனை பேர்? அதில் 1203 என்று ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே, முனையில் நிற்க வைத்த சதுரம் போல ஒரு சிவப்புப் பலகை. அதற்குள்ளே ஒரு தீச்சுவாலைப் படம். "லோரி நம்பராக இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு நம்ம பாட்டுக்குப் போய்விடுகிறோம். அது லோரி நம்பர் அல்ல. "என் வயிற்றில் இருப்பது பெட்ரோல், நெருப்போடு கிட்டே வராதே" என்று அந்த வண்டி ஊருக்கெல்லாம் சொல்லும் சேதி அது.

இந்தச் சேதியை எழுத மனிதன் எப்போது கற்றுக்கொண்டான்? எவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டான்? இதன் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி அமெரிக்காவிலும் கனடாவிலும் ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில் நடந்தது. எண்ணெயும் வாயுவும் ஏற்றிச் செல்லும் ரயில் தொட்டி வண்டிகளின் கதை அது. கேட்பதற்குக் கொஞ்சம் கசப்பான கதைதான். ஆனாலும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மரத்தொட்டி இரும்பானது

1859-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். அதன் பிறகு அந்தப் பள்ளத்தாக்கே எண்ணெய்க் காடாகிவிட்டது. எண்ணெய் வந்துவிட்டது, அதை வெளியூருக்குக் கொண்டு போவது எப்படி? மரப்பீப்பாயில் ஊற்றி, குதிரை வண்டியில் ஏற்றி, சேற்று ரோட்டில் இழுத்துக்கொண்டு போனார்கள். பீப்பாய் ஒழுகும், உடையும். போய்ச் சேருவதற்குள் பாதி வழியிலேயே கொட்டிப் போவதும் உண்டு.

1865-இல் ஜேம்ஸ் டென்ஸ்மோர், ஏமோஸ் டென்ஸ்மோர் என்னும் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். தட்டையான ரயில் வண்டியின் மேல், ஆளுக்கு மேல் உயரமான இரண்டு மரத்தொட்டிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 பீப்பாய் எண்ணெய் பிடிக்கும். 1866-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். அந்த ஜேம்ஸ் டென்ஸ்மோர்தான் பிற்காலத்தில் ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சு இயந்திரத்துக்குப் பணம் போட்டு, அது உலகத்துக்கு வரத் துணை நின்றவர். எண்ணெய்த் தொட்டிக்கும் எழுத்துப் பொறிக்கும் ஒரே ஆள் துணையிருந்தது ஒரு வேடிக்கை.

ஆனால் மரத்தொட்டி நெடுநாள் நிற்கவில்லை. நின்ற வாக்கில் இருந்ததால் வளைவில் ஆடும், மூட்டுகளில் கசியும், இஞ்சின் பொறி பட்டால் எரியும். 1869 வாக்கில் இரும்புத் தகட்டில் செய்த உருளையைப் படுக்க வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் தொட்டி வண்டியின் உருவம் அதுதான். வெயிலில் எண்ணெய் பொங்கி விரியுமே, அதற்கு இடம் கொடுக்க மேலே குடம் கவிழ்த்தாற்போல் ஒரு கூம்பு வைத்தார்கள்.

தொட்டி பலமாகிவிட்டது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? அதைச் சொல்ல வெளியே ஒழுங்கான வழி எதுவும் ஏற்படவில்லை. ஏற்றியவனுக்குத் தெரியும், இறக்குபவனுக்குத் தெரியும். நடுவில் நிற்கும் ஊருக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரியாத ஆபத்து

1905-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் நகரின் அருகே ஒரு பயணிகள் ரயில், பக்கத்துப் பாதையில் சாய்ந்து கிடந்த சரக்கு ரயிலில் மோதியது. அந்தச் சரக்கில் டைனமைட் வெடிமருந்து இருந்தது. வெடித்தது, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இத்தகைய விபத்துகள் மலிந்துபோகவே, 1907-இல் ரயில் கம்பெனிகள் கூடி, வெடிமருந்துகளையும் மற்ற ஆபத்தான சரக்குகளையும் பத்திரமாகக் கொண்டு போவதற்கென்று ஒரு காரியாலயத்தைத் தொடங்கின. கர்னல் டன் என்னும் ராணுவ அதிகாரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே, 1908-இல், அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒரு சட்டமும் போட்டது. எதை எப்படிக் கட்ட வேண்டும், எதை எதோடு சேர்த்து ஏற்றக் கூடாது, வண்டியின் மேல் என்ன எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் இப்படித்தான் ஒரு முறை பிறந்தது.

விதி பிறந்தும் விபத்து நின்றுவிடவில்லை. 1915 செப்டம்பர் 27-ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் ஆர்ட்மோர் நகர ரயில் நிலையத்தில் ஒரு தொட்டி வண்டி நின்றது. அதில் இருந்தது சாதாரணப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும் ஒரு வகை. வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறி ஆவி சீறிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்ய வந்தபோது மேல் மூடி திறக்கப்பட்டது. ஆவி குபுகுபுவென்று வெளியேறி, தரையோடு தரையாகப் பரவி, எங்கோ ஒரு நெருப்பைத் தொட்டது. நகரத்தின் நடுப்பகுதி சிதைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரக்கின் குணம் தெரியாமல் மூடியில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அந்தக் காலத்து எச்சரிக்கை அட்டையில் ஒரு சொல் இருந்தது: 'இன்ஃபிளேமபிள்'. தீப்பற்றும் என்பது அதன் பொருள். ஆனால் ஆங்கிலத்தில் 'இன்' என்று தொடங்கும் பல சொற்களில் அந்த முன்னெழுத்து 'இல்லை' என்ற பொருளைத் தரும். நம் தமிழில் நீதி, அநீதி என்கிறோமே, அது போல. ஆகவே படிப்புக் குறைந்த ஒரு தொழிலாளி அதைத் 'தீப்பற்றாது' என்று நினைத்துவிட்டால்? 1920-களில் தீத்தடுப்புச் சங்கத்தார் இந்த ஆபத்தைக் கண்டு, 'ஃபிளேமபிள்' என்ற குழப்பமில்லாத சொல்லையே பயன்படுத்தச் சொன்னார்கள். எழுதினால் மட்டும் போதாது, படிப்பவனுக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

உலை வற்றிய பானை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமையல் வாயு, அமோனியா, குளோரின் என்று, அழுத்தி நீராக்கிய வாயுக்கள் ரயிலில் ஏராளமாக ஓட ஆரம்பித்தன. தொட்டிகளும் பெரிதாகின. ஆபத்தும் பெரிதாகியது.

1970 ஜூன் 21-இல் இல்லினாய் மாநிலத்தின் கிரெசன்ட் சிட்டி என்னும் சின்ன ஊரில் சமையல் வாயு ஏற்றிய வண்டிகள் தடம் புரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஊரின் கடைத்தெரு எரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 1973 ஜூலை 5-இல் அரிசோனா மாநிலத்தின் கிங்மேன் ஊரில் அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. தொட்டி வண்டியிலிருந்து வாயு இறக்கும்போது கசிவு, கசிவில் தீ. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 11 பேர், தொட்டி வெடித்ததில் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க ரோட்டோரம் நின்றவர்களில் பலருக்கும் தீக்காயம்.

தொட்டி ஏன் வெடிக்கிறது? நம் அடுப்படியிலேயே விடை இருக்கிறது. உலையில் தண்ணீர் இருக்கும் வரை பானைக்கு ஒன்றும் ஆகாது. நெருப்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் வற்றினால் பானை காய்ந்து பழுத்துப் போகும். தொட்டியும் அப்படித்தான். உள்ளே நீராக இருக்கும் வாயு சூட்டில் ஆவியாகிக் குறையக் குறைய, மேல்பாகத்து இரும்பைக் குளிர்விக்க ஆள் இல்லை. இரும்பு இளகிப் பலம் இழக்கிறது. உள்ளே அழுத்தமோ ஏறுகிறது. ஒரு கட்டத்தில் தகடு கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் நெருப்புப் பந்தாகிவிடுகிறது.

நெருப்பே இல்லாமலும் இது நடக்கும். 1978 பிப்ரவரி 22-இல் டென்னஸி மாநிலத்தின் வேவர்லி ஊரில் ரயில் தடம் புரண்டது. சமையல் வாயு வண்டி ஒன்று அடிபட்டுக் கிடந்தது, தீ இல்லை. இரண்டு நாள் ஆனது. "இனி பயமில்லை" என்று எண்ணி, வாயுவை வேறு வண்டிக்கு மாற்றும் வேலைக்கு ஆட்கள் கூடினார்கள். குளிர் தணிந்து வெயில் ஏறியது. 24-ஆம் நாள் பிற்பகல், அடிபட்ட தொட்டி பிளந்தது. இறந்தவர்கள் 16 பேர். ஊரின் போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் அவர்களில் அடக்கம்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகே தொட்டி வண்டிகளுக்குப் புதிய கவசம் கிடைத்தது. ஒரு வண்டியின் கொக்கி எம்பி அடுத்த தொட்டியைக் குத்தாதபடி கொக்கியை மாற்றினார்கள். தொட்டியின் இரு முனைகளிலும் கேடயம் போலத் தகடு வைத்தார்கள். தீயின் சூடு இரும்பைச் சீக்கிரம் தாக்காதபடி மேலே காப்புப் போர்வையும் போட்டார்கள்.

இரண்டு லட்சம் பேர் பிழைத்த கதை

1979 நவம்பர் 10. கனடாவில் டொரோண்டோ நகரை ஒட்டிய மிசிசாகா. இரவு பன்னிரண்டு மணி ஆகப் போகிறது. 106 வண்டிகள் கோத்த சரக்கு ரயிலில் ஒரு சக்கரத்தின் பேரிங், எண்ணெய்ப் பசை போய்ச் சூடேறிப் பழுத்து அச்சு முறிந்தது. 24 வண்டிகள் தடம் புரண்டன. சமையல் வாயு வண்டிகள் வெடித்து, வானமே சிவந்தது.

அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டி கிடந்தது. அதில் சுமார் 90 டன் குளோரின். குடிதண்ணீரைச் சுத்தம் செய்ய உதவும் அதே குளோரின்தான்; ஆனால் மொத்தமாக வெளியே வந்தால் மூச்சுப் பையைச் சுட்டுக் கொல்லும் விஷ வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் இறங்கித் தங்கும். நெருப்பைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். நெருப்புக்குப் பின்னால் குளோரின் இருப்பது யாருக்குத் தெரியும்? ரயிலில் எந்த வண்டியில் என்ன சரக்கு என்று எழுதிய பட்டியல் கையில் இருந்ததால்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தயங்கவில்லை. தெருத் தெருவாகப் போலீசார் கதவைத் தட்டினார்கள். முதியோர் இல்லங்களும் மருத்துவமனைகளும் காலியாகின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வேவர்லியையும் மிசிசாகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் ஒரே ஒரு வண்டி, நெருப்பும் இல்லை. 16 பேர் போனார்கள். பின்னதில் நெருப்பும் விஷமும் சேர்ந்திருந்தன, யாரும் சாகவில்லை. அதிர்ஷ்டமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே இருப்பதை நேரத்தோடு அறிந்து, அதற்குப் பயந்து விலகியதே பெரிய காரணம். மறு ஆண்டு, 1980-இல், ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கென்றே கனடா ஒரு தனிச் சட்டம் இயற்றியது.

நாலு இலக்கத்தில் ஓர் உலக மொழி

ஒரு நாட்டின் எழுத்தை இன்னொரு நாட்டான் படிக்க முடியாது. ஆகவே ஐக்கிய நாடுகள் சபை 1953-இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 1956-இல் அதன் முதல் பரிந்துரைகள் வெளிவந்தன. ஆபத்தான பொருட்கள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. நாளடைவில் ஒவ்வொரு பொருளுக்கும் நாலு இலக்க எண்ணும் அமைந்தது. 1980-இல் அமெரிக்காவும் இந்த எண்களைத் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது.

மாணவச் செல்வங்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாய்சதுரப் பலகையில் சிவப்பு என்றால் தீப்பற்றும். மஞ்சள் என்றால் மற்றவை எரியத் தூண்டும். நீலம் என்றால் தண்ணீர் பட்டால் ஆபத்து. வெள்ளையில் மண்டையோடு என்றால் விஷம். மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்றால் தோலையும் இரும்பையும் அரிக்கும் திராவகம். ஆரஞ்சு என்றால் வெடிமருந்து. கீழ் முனையில் இருக்கும் இலக்கம் வகுப்பைக் காட்டும்.

நாலு இலக்க எண்ணில் 1203 பெட்ரோல், 1075 சமையல் வாயு, 1017 குளோரின், 1005 அமோனியா. இந்தக் கடைசிப் பெயரைத் தோட்டத்தில் மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் உறைந்து போகாமல் இருக்கச் சேர்க்கும் அதே மருந்துதான். மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த நெடியை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். தண்ணீரில் கரைத்த கொஞ்சத்துக்கே அந்த நெடி என்றால், கரைக்காத அமோனியா ஒரு ரயில் வண்டி நிறைய இருந்து, அது உடைந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்கத் தொட்டி வண்டியில் இந்தப் பலகை இரு பக்கமும் இரு முனையிலும், ஆக நாலு இடத்தில் இருக்கும். எந்தத் திசையிலிருந்து ஓடி வருபவனுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? குளோரின் போன்ற சில சரக்குகளின் பெயரைத் தொட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். தொட்டி எந்த ரகம், எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்தே எண்ணைப் பார்த்து, கையேட்டைப் புரட்டுவார். 1203-க்கு 128-ஆம் குறிப்பு, 1017-க்கு 124-ஆம் குறிப்பு என்று அதில் இருக்கும். எவ்வளவு தூரம் விலக வேண்டும், தண்ணீர் அடிக்கலாமா கூடாதா என்று அந்தக் குறிப்பு சொல்லும்.

இன்னொரு விதியும் உண்டு. சரக்கை இறக்கிய பிறகும், தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் வரை பலகையை எடுக்கக் கூடாது. காலித் தொட்டிதானே என்று நாம் நினைப்போம். அதில் மிஞ்சிய ஆவியே உயிரை வாங்கும்.

பொய் சொன்ன பலகை, எரிந்துபோன பலகை

எழுத்து இருந்தால் போதுமா? அது உண்மையாக இருக்க வேண்டும். 2013 ஜூலை 6-ஆம் நாள் அதிகாலை, கனடாவின் லாக் மெகான்டிக் ஊரில், மேட்டில் நிறுத்தி வைத்த எண்ணெய் ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்தது. கைப்பிரேக்குகள் போதிய அளவு போடப்படவில்லை. 72 தொட்டி வண்டிகளில் 63 புரண்டன. ஊரின் நடுவே 47 பேர் மடிந்தார்கள். பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்தது: அந்தக் கச்சா எண்ணெய் சீக்கிரம் தீப்பிடிக்கும் ரகம், தாளிலோ ஆபத்துக் குறைந்த ரகமென்று எழுதியிருந்தார்கள். அந்த ரயிலின் தொட்டிகள் பழைய ரகம். 2015-இல் இன்னும் தடித்த தகடு கொண்ட புதிய ரகத்துக்கு இரு நாடுகளும் விதி செய்தன.

2023 பிப்ரவரி 3-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் 38 வண்டிகள் தடம் புரண்டு தீப்பிடித்தன. காரணம், மிசிசாகாவைப் போலவே, சூடேறிய ஒரு பேரிங். அங்கே வேறொரு குறை வெளிப்பட்டது. பிளாஸ்டிக்கில் செய்த எச்சரிக்கைப் பலகைகள் தீயிலே உருகிப் போயின. சரக்குப் பட்டியலும் தீயணைப்பு வீரர்களின் கைக்கு நேரத்தோடு வந்து சேரவில்லை. எது எரிகிறது என்று தெரியாமலே அவர்கள் நெருப்பின் முன் நின்றார்கள். தீயைத் தாங்கும் பலகை வேண்டும் என்று விசாரணை வாரியம் பரிந்துரை செய்தது. 1865-இல் தொடங்கிய கதை இன்னும் முடிந்தபாடில்லை.

நமக்கு இதில் என்ன?

"அமெரிக்க ரயிலுக்கும் நம்ம வீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். உண்டு. பூச்சி மருந்துத் தோம்பைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் தோட்டங்களில் இருந்தது. களைக்கொல்லியைச் சோடா போத்தலில் ஊற்றி மூலையில் வைப்பதும் உண்டு. போத்தலில் பழைய பெயர் இருக்கும். உள்ளே வேறு சாமான் இருக்கும். அதுவும் பொய் சொல்லும் பலகைதான். பிள்ளை அதைப் படித்து நம்பி எடுத்துக் குடித்தால், யாரை நோவது? மருந்து எதில் வந்ததோ அதிலேயே இருக்கட்டும். ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காதீர்கள். காலித் தோம்பை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

ரோட்டில் டேங்கர் லோரி கவிழ்ந்து கிடந்தால் பெட்ரோல் பிடிக்க வாளியோடு ஓடாதீர்கள். வேடிக்கை பார்க்கவும் நிற்காதீர்கள். கிங்மேனில் நின்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். தூரத்திலிருந்தே எண் தெரிந்தால் அதைப் பார்த்து வைத்து, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எண்ணைப் படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம்.

பெற்றோர்களே, மருந்து டின்னில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கையையும் கண்ணையும் கெடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோரில் எத்தனையோ பேர். "எழுதியிருக்கு, என்னன்னுதான் தெரியல" என்று அவர்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பதில்தான் இந்தப் பள்ளிக்கூடம். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளும், அடுத்த ஆண்டு வாங்கப் போகும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள டின், போத்தல், தோம்பு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் எழுத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்து அழிந்து போயிருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கல்வி!